இன்னும் பத்து ஆட்டம்: மொன்றியல் கனேடியன்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஓகஸ்ட் 2019

மதிப்புக்குரிய உரிமையாளர் ஜெஃப் மோல்சன் அவர்களுக்கும் பொது முகாமையாளர் மார்க் பெர்ஜவன் அவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பனி ஹொக்கி அணியின் முன்னாள் பின்கள வீரர் அந்திரே மார்கோவ் மறுபடியும் மொன்றியலில் ஆட விரும்புகிறார் என்ற செய்தி இந்தக் கோடையில் வந்தது. நாங்கள் படித்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். ரஷ்யாவின் கசானில் இரண்டு பருவம் ஆடி முடித்துவிட்டார். அங்கத்தைய லீக்கின் வெற்றிக் கிண்ணமான ககாரின் கிண்ணமும் வென்றார். வயது நாற்பது. உங்கள் பக்கத்திலிருந்து ஆர்வம் எதுவும் தெரியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

கேட்பது ஒன்றுதான். அவருக்கு ஒரு வருட ஒப்பந்தம் கொடுங்கள். அதில் பத்து ஆட்டம் ஆடவிடுங்கள்.

எதற்குப் பத்து என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். 2000ஆம் ஆண்டில் வந்து 2017 வரை அவர் ஆடியது 990 ஆட்டங்கள், எல்லாமே உங்கள் சட்டையில்தான். இந்தக் கழகத்துக்காக ஆயிரத்தைத் தொட்டவர்கள் ஹென்ரி ரிச்சர்ட், லாரி ராபின்சன், பொப் கெய்னி, ஜோன் பெலிவோ, குளோட் புரோவோ என்று ஐந்தே பேர். ஆறாவதாக நிற்பவர் மார்கோவ். மொரிஸ் ரிச்சர்ட்கூட இவருக்குப் பின்னால்தான், 978. புள்ளிக் கணக்கும், அதாவது அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும், அப்படியே. 572 புள்ளிகளோடு உங்கள் பின்கள வீரர்களின் வரிசையில் கீ லப்வான்டுடன் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டு நிற்கிறார். இன்னும் ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் ராபின்சனுக்கு அடுத்த இடம் அவருக்கு மட்டுமே உரியது.

அந்தப் பத்து ஆட்டங்கள் எங்கே போயின என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2009 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, ரொறன்ரோவில், சொந்த கோல்காப்பாளர் கேரி பிரைஸின் சறுக்குக் கத்தி பட்டுக் கால் தசைநார் அறுந்தது. டிசம்பரில் திரும்பி வந்தார். அடுத்த வசந்தத்தில் பிற்ஸ்பர்க் அணியுடனான தொடரில் முழங்கால் போனது. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்து ஏழே ஆட்டம், அதே முழங்கால் மறுபடியும் போனது. மூன்று பருவங்களில் 246 ஆட்டங்கள் நடந்தன. அவர் ஆடியது 65. முப்பது வயது தாண்டிய ஒரு பின்கள வீரரின் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இவரோ எழுந்து வந்து 2012-13 பருவத்தின் 48 ஆட்டத்திலும் ஆடினார். அப்புறம் 81, அடுத்து 81, அதற்கடுத்து 82.

அந்தப் பருவத்தில் ஏன் 48 ஆட்டம் மட்டும் நடந்தது? அணி உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்தார்கள். அதற்கு முன்பு 2004-05இல் ஒரு முழுப் பருவத்தையே கதவடைப்பு விழுங்கியது. இரண்டிலும் நடக்காமல் போனவற்றைக் கூட்டினால் 116 ஆட்டங்கள். காயமெல்லாம் விளையாட்டின் பங்கு, சரி, ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்த 116 ஆட்டங்களைப் பறித்தது அவருடைய முழங்கால் இல்லை. உரிமையாளர்கள் பூட்டிய கதவு. அதில் பத்தைத் திருப்பித் தாருங்கள் என்கிறோம்.

வயதைக் காரணம் சொல்வீர்கள். 2017 ஜூலையில் மார்கோவ் விடைபெற்ற அதே வாரத்தில், அவரைவிட ஒரு வயது மூத்த மார்க் ஸ்ட்ரெயிட்டை 7 இலட்சம் டொலருக்கு ஒப்பந்தம் செய்தீர்கள். ஸ்ட்ரெயிட்டும் எங்களுக்குப் பிரியமானவர்தான், அவர் மேல் குறையில்லை. இரண்டு ஆட்டத்தோடு அவரை அனுப்பிவிட்டீர்கள். கார்ல் அல்ஸ்னருக்கு ஐந்து வருடம், 2 கோடி 31 இலட்சம் டொலர். அடுத்த பருவத்திலேயே அவர் உங்கள் கீழ்நிலை அணியான லவாலில் ஆடிக்கொண்டிருந்தார். முந்தைய பருவத்தில் 62 ஆட்டத்தில் 36 புள்ளி எடுத்த மார்கோவுக்கு மட்டும் இடமில்லாமல் போனது. சம்பள உச்சவரம்பில் பல மில்லியன் மிச்சம் வைத்துக்கொண்டுதான் அந்தப் பருவத்தைத் தொடங்கினீர்கள். இதை நினைக்கும்போது எங்களுக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கருணைக்காகக் கேட்கவும் இல்லை. கடந்த பருவத்தில் அணி தரவரிசையில் 96 புள்ளி எடுத்தும், கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றில் இடம் கிடைக்கவில்லை. எதிரணி வீரர் தண்டனையில் வெளியே இருக்க, ஓர் ஆள் கூடுதலாக ஆடும் பவர் பிளேயில் நாம் 31 அணிகளில் 30ஆவது. மார்கோவ் இருந்த காலத்து பவர் பிளேயை நினைவிருக்கிறதா? அவரோடு ஆடிய ஷெல்டன் சூரே ஒரே பருவத்தில் 26 கோல் அடித்தார். அடித்த கை அவருடையது, பந்தியில் பரிமாறுவதுபோல் பக் எனும் ரப்பர் வட்டை அளவாக எடுத்துவைத்த கை மார்கோவுடையது. பிறகு ஸ்ட்ரெயிட், பிறகு சுபான், எல்லோரும் அந்தக் கையால் உண்டவர்கள். பக் மறுபக்கம் இருக்கும்போது மார்கோவ் தாக்குதல் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலிருந்து சத்தமில்லாமல் நழுவி, கோல் கம்பத்தின் மறுகரையில் வந்து நிற்பார். லீக் முழுவதுக்கும் தெரிந்த வித்தை அது. தெரிந்தும் பல வருடம் தடுக்க முடியவில்லை. நாற்பது வயதில் கால் வேகம் குறைந்திருக்கும். அவர் என்றைக்கும் காலை நம்பி ஆடியவர் இல்லையே.

நாங்கள் யார் என்று சொல்லவில்லை. பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் கோட்-டே-நேஜிலும் வாழும் தமிழர்கள். போருக்குத் தப்பி இந்த நகரத்துக்கு வந்தோம். பனியையும் பிரெஞ்சு மொழியையும் ஹொக்கியையும் ஒன்றாகப் பழகிக்கொண்டோம். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்து, ஆட்டத்தின் துண்டுக் காட்சிகளையாவது பார்த்துவிட்டுத்தான் படுப்போம். மார்கோவும் 21 வயதில், இங்குள்ள இரண்டு மொழியும் சரளமாக வராமல் வந்தவர். லீக்கின் புதிய வீரர் தெரிவில் 162ஆவது ஆளாகத் தெரிவானவர். பேட்டிகளில் இரண்டு வரிக்கு மேல் பேசமாட்டார். வாய் திறக்காமல் வேலையைச் செய்து இடம் பிடித்த அவரில் எங்கள் அப்பாக்கள் தங்களைப் பார்த்தார்கள். 2010இல் அவர் கனேடியக் குடியுரிமை எடுத்தபோது எங்கள் வீடுகளில் அது குடும்பச் செய்தி. பிள்ளைகள் 79 என்ற எண் போட்ட சட்டை கேட்டு அழுததும் எங்கள் வீடுகளில்தான்.

மனசிலிருக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 2009இல் அணித்தலைவர் சாக்கு கோய்வு போனார். 2016இல் சுபான் போனார். ஸ்டான்லி கிண்ணம் வந்து 26 வருடமாகிறது. அணி தோற்பதை எங்களால் தாங்க முடிகிறது. நேசித்தவர்களை ஒழுங்காக வழியனுப்பக் கிடைக்காததுதான் தாங்க முடியவில்லை. மார்கோவின் விடைபெறல் செய்தியாளர்களுடனான ஒரு தொலைபேசிச் சந்திப்பில் முடிந்தது. பெல் சென்ரரில் 21,000 பேர் எழுந்து நிற்கக் காத்திருந்தார்கள், அவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. பழைய வீரர்களைக் கொண்டாடுவதில் உங்களுக்கு நிகர் எவருமில்லை என்று உலகம் சொல்கிறது. இவரையும் அந்த வரிசையில் சேர்க்கக்கூடாதா?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகக் கேட்கிறோம். ஸ்ட்ரெயிட்டுக்குக் கொடுத்த அதே 7 இலட்சம், ஒரு வருடம், பத்து ஆட்டம். பத்தாவது ஆட்டத்தை மொன்றியலில் வையுங்கள். ஆயிரம் ஆட்டம் கண்டவருக்கு லீக் தரும் வெள்ளி மட்டையை, அவர் குடும்பத்தோடு இந்தப் பனித்தளத்தில் நின்று வாங்கட்டும். அடுத்த நாள் அவர் ஓய்வு பெறுவதென்றால் பெறட்டும், நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம்.

ஒக்டோபருக்கு இன்னும் நாளிருக்கிறது. அவருக்கு ஒரு தடவை தொலைபேசி எடுத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
மொன்றியல் தமிழ் ஹொக்கி ரசிகர்கள் சிலர்