பொறுப்பை ஏற்கிறேன், ஆச்சி

அன்புள்ள ஆச்சிக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில்: சரி. சக்கர நாற்காலியில் இருக்கும் என்னைப் போன்றவர்களும் பறவை பார்க்கக் கண்மாய்க் கரைக்குப் பாதை போட்ட நம் குழுவின் பொறுப்பை, உங்களுக்குப் பிறகு நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குக் கிளம்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் போனில் பேச ஆரம்பித்தாலே நீங்கள் அழுதுவிடுகிறீர்கள், கூடவே நானும். அப்புறம் வேலையைப் பற்றி ஒன்றும் பேச முடிவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நம் குழுப் பிள்ளைகளும் படிப்பார்கள், ஊரில் பாதிப் பேர் படிப்பார்கள். கடைசிக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார், யார் எழுந்து போனார் என்பதற்குள் போகமாட்டேன். உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அது போதும்.

நான் சொல்ல வந்தது அந்தப் பாதையின் திறப்பு நாள் சாயங்காலத்தைப் பற்றி.

மைக்கில் பேசி, ரிப்பன் வெட்டி, போட்டோ எல்லாம் முடிந்து, காபிக்கும் பணியாரத்துக்கும் எல்லாரும் கீழே இறங்கினீர்கள். "இரு ஆத்தா, இந்தா வந்துர்றோம்" என்றீர்கள். மூன்று பிள்ளைகள் மூச்சு வாங்கத் தள்ளி என்னைக் கரைமேல் ஏற்றியிருந்தார்கள். என் வண்டிக்கு, அதாவது சக்கர நாற்காலிக்கு, பிரேக் போட்டுவிட்டு அவர்களும் போய்விட்டார்கள். கரைமேல் நான் மட்டும்.

ஆச்சி, நான் இந்த ஊரில் பிறந்தவள். நினைவு தெரிந்த நாளாக அந்தக் கண்மாயைத் தாண்டித்தான் போகிறேன், வருகிறேன். ஆனால் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிவது கரைதான். தண்ணீர் தெரியாது. கண்மாய் பெருகிவிட்டது என்று யாராவது வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். தண்ணீருக்குள் நாட்டுக்கருவேல மரங்கள் இடுப்பளவு மூழ்கி நின்றன. மரமெல்லாம் பறவை. கரையோரம் சேற்றில் ஒரு நத்தைக்குத்தி நாரை காலால் துழாவிக்கொண்டே வந்தது. அதன் அலகு நடுவில் முழுசாக மூடாது, ஒரு இடுக்குத் தெரியும் என்று நீங்கள் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த இடுக்கு அவ்வளவு கிட்டத்தில் எனக்குத் தெரிந்தது. தலையைத் தண்ணீருக்குள் விட்டது. கொஞ்ச நேரம் கழுத்து மட்டும் அசைந்தது. நிமிர்ந்தபோது அலகில் நத்தையின் சதை மட்டும் தொங்கியது. நத்தையின் ஓட்டைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டது. விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தது, நகரவில்லை. என்னோடு பேச்சுக் கொடுக்க, படம் எடுக்க, "நல்லா இருக்கா?" என்று கேட்க யாரும் பக்கத்தில் இல்லை. அப்படி ஒரு நேரம் எனக்கு வெளியில் எங்கேயும் வாய்த்ததே இல்லை. அதைக் கொடுத்தது நீங்கள். ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததையும் மறக்கமாட்டேன். இருட்டிக்கொண்டு வந்தது. இறங்க வேண்டும் என்று தோன்றியது, முடியவில்லை. அந்தச் சரிவில் நானாக வண்டியை விட்டால் கை நிற்காது, நேராக வேலியில் போய் விழுவேன். கூப்பிட்டேன். கீழே ஸ்பீக்கரில் பாட்டு. இதை இங்கே எழுதலாமா என்று நிறைய யோசித்தேன், எழுதிவிடுகிறேன்: எனக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. வெளியே போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டேன். என்னைப் போல வண்டியில் இருக்கும் பெண்கள் முக்கால்வாசிப் பேரைக் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள். அன்றைக்கு உங்கள் கையால் மோர் கொடுத்தீர்கள், எப்படி வேண்டாம் என்பேன்? நீங்கள் திரும்பி வருவதற்குள் என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். முந்தானையால் என்னை மூடிக்கொண்டு, யாரையும் கிட்டே விடாமல், நீங்களே வண்டியைப் பிடித்து இறக்கினீர்கள். உங்கள் முழங்கால் வலியோடு.

அப்படிச் செய்தவரைத்தான் மறுவாரம் எல்லார் முன்னாலும் "இது பாதை இல்ல ஆச்சி, பரண். ஏத்தி வச்சா இறங்க முடியாது" என்றேன். உங்கள் முகம் வாடியது. எழுபது வயதுக்கு மேல் வெயிலில் நின்று, கை சுண்ணாம்பில் வெந்து, கையில் இருந்ததை விற்று (எதை என்று எழுதமாட்டேன்) செய்த வேலை. அதைச் சபையில் வைத்து அப்படிச் சொன்னதற்கு மன்னியுங்கள். தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் தனியாகச் சொன்னபோதெல்லாம் "தள்ளத்தான் நாங்க இருக்கமே" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுவீர்களே, ஆச்சி. நூல் பிடித்த அன்றே சொன்னேன். கரை ஆறடி உயரம். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதாவது 72 அடி. நமக்கு இருந்தது 45. நடுவில் புளியமரம். மரத்தை வெட்டக் கூடாது என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. மிச்சத்தை "பிள்ளைக பாத்துக்கும்" என்று முடித்துவிட்டீர்கள். எட்டு அடிக்கு ஒரு அடிகூட இல்லை, அதைவிடச் செங்குத்து. பிள்ளைகள் பரீட்சைக்குப் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்பதை நீங்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் நிமிரும், எனக்கும் பெருமையாக இருக்கும். அந்தப் பறவைகளை யாரும் வரிசையில் நிறுத்தி நன்றி சொல்லச் சொல்வதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு விழாவிலும் மைக் பிடித்து நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. களைத்துவிட்டேன், ஆச்சி.

மனு எழுதும்போது நீங்கள் எப்போதும் "தயவு கூர்ந்து" என்று ஆரம்பிப்பீர்கள். நான் அதை விட்டுவிடப் போகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு கலை, பொழுதுபோக்கு, வெளியிட முகாம் வரைக்கும் பேசுகிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. இனிமேல் மனு கொடுக்கிற ஆபீஸில் இதைச் சொல்லித்தான் கேட்பேன். மரியாதையாகத்தான் கேட்பேன், பயப்பட வேண்டாம்.

இனி வேலை. பிள்ளைகளே, நீங்களும் படித்துக்கொள்ளுங்கள்.

புளியமரத்தை நடுவில் விட்டு, இந்தப் பக்கம் 36 அடி ஏற்றம், முனையில் வண்டி திரும்பச் சமதளம், அங்கே திரும்பி அந்தப் பக்கம் 36 அடி. 45 அடி இடத்துக்குள் அடங்கிவிடும். வேர்ப்பக்கம் தோண்டக் கூடாது, செம்பராங்கல் சுவர் எழுப்பி மண் நிரப்ப வேண்டும். ஓரம் நெடுக நாலு விரல் உயரத்துக்குத் திண்டு, இல்லாவிட்டால் சக்கரம் வழுவும். கைப்பிடி இரண்டு உயரத்தில். கீழ்ப்பாதையில் சரளை நன்றாக இறுகவில்லை, என் முன்சக்கரம் புதைகிறது, மறுபடி ரோலர் விட வேண்டும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். நம் ஐப்பசி மழையும் சும்மா விடாது. வருசா வருசம் பார்க்க ஆள் வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். பார்வையில்லாத தம்பிக்காகக் கட்டிய கயிறு நன்றாக இருக்கிறது, அவன் குரலை வைத்தே வக்காவையும் நீர்க்காகத்தையும் பிரித்துச் சொல்கிறான். அதைத் தொடவேண்டாம்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் கழிப்பறை. கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கம் திறக்கணும், உள்ளே வண்டி திரும்ப ஐந்தடி, சுவரில் பிடி. சுவர் ஓவியத்துக்கு ஒதுக்கிய பணம் இதற்குத்தான் போகும். ஓவியத்துக்கு ஆசைப்பட்டவர்கள் என்மேல் கோபப்படட்டும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கொடுத்துவிட்ட ஆத்தங்குடிக் கல்லைப் பாதையில் பதிக்கமாட்டேன். உங்கள் வீட்டு முகப்புக்கு எடுத்த அதே பூ டிசைன் என்று தெரியும், பார்த்ததும் தொண்டை அடைத்தது. ஆனால் ஈரம் பட்டால் ஊன்றுகோல் வழுக்கும், நம்மிடம் கட்டை ஊன்றி வருகிறவர்கள் நிறைய. புளியமரத்தடித் திண்ணையின் முதுகுச் சுவரில் பதிக்கச் சொல்லிவிட்டேன். கொத்தனார் தைக்கு அப்புறம்தான் வருகிறார். வீட்டுக் கொட்டகையில் இன்னும் இரண்டு பெட்டி இருப்பதாகச் சொன்னீர்கள். சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள் என்பதை மட்டும் மெசேஜ் போடுங்கள்.

உங்கள் ஆத்தா