களஞ்சியம் எரிந்ததை அம்மாவிடம் மறைத்தேன்

ரங்கூன்
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சாவித்திரி அக்கா மகன் புதன்கிழமை சிங்கப்பூர் வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்பத்தான் இதை எழுதுகிறேன். நீ கேட்ட லேப்பெத், அந்த ஊறிய தேயிலை, அவன் பையில் இருக்கும். காளி கோயிலில் உன் பேரில் அர்ச்சனை செய்தாயிற்று. பெரியவன் கல்யாணப் பேச்சு எதுவரை வந்தது என்று எழுது. கரண்ட் முன்னைப் போலத்தான், வந்தால் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லிலியன் ஜாக்சன் பிரௌன் அம்மாவின் 'தி கேட் ஹூ' துப்பறியும் கதைகளில், கொக்கோ என்ற சயாம் பூனையோடு துப்பறிகிற பத்திரிகைக்காரர், அதுதான் நம் மீசைக்காரர், அவருடைய கடைசிப் புத்தகம் கிடைத்துவிட்டது. 29ஆவது! பன்சோடான் தெரு நடைபாதையில், அதே கண்ணாடி போட்ட ஊலேவின் பழைய புத்தகக் கடையில். நீ இருந்தபோது பத்து வருஷம் கேட்டு அலைந்தோமே, அது போன மாதம் ஒரு சமையல் புத்தகத்துக்கும் பழைய கணக்கியல் பாடநூலுக்கும் நடுவில் கிடந்தது. ஊலேவுக்கு உன்னை நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'விலை பேசாமல் போகாத அம்மா எங்கே' என்று கேட்டார்.

புத்தகம் ஏதோ வாடகைக் கடையிலிருந்து வந்திருக்கிறது. உள் அட்டையில் தேதி முத்திரைகள், முதல் இருபது பக்கத்தில் பூச்சி அரித்த ஓட்டை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஓரத்தில் இருந்த கையெழுத்து. பாதிப் புத்தகம் தாண்டி ஒரு பக்கத்தில் யாரோ பென்சிலில் பர்மியில் எழுதியிருக்கிறார்கள்: 'இதை அந்த அம்மா எழுதவில்லை.' அதற்குக் கீழே வேறொருவர் நீல மையில், அழுத்தி: '93 வயது. நீ எழுதிப் பார்.' அதற்கும் கீழே மூன்றாவது கை, பொடி எழுத்து: 'யார் எழுதினாலும் எனக்குப் போதும். மழைக்காலத்துக்கு ஆச்சு.' நம் வீட்டுத் திண்ணையில் நாம் போட்ட சண்டை முழுவதும் அந்த மூன்று வரியில் இருந்தது. நீ பென்சில், நான் நீல மை. பொடி எழுத்து உன் தம்பியாக இருக்க முடியாது. அவன்தான் முதல் புத்தகத்திலேயே, 'பூனை அலமாரியிலிருந்து புத்தகத்தைத் தட்டிவிடுமாம், அதன் தலைப்பில் துப்பு இருக்குமாம், இதுவா துப்பறிவது' என்று கையைக் கழுவியவன் ஆயிற்றே.

புத்தகத்தைச் சாவித்திரி அக்காவிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் படித்துவிட்டுக் குடையோடு வந்து நின்றார். இத்தனை வருஷம் பிள்ளைகளின் கட்டுரைக்கு மார்க் போட்ட கை அல்லவா, புத்தகத்தை மேசையில் வைத்த சத்தத்திலேயே தீர்ப்பு தெரிந்துவிட்டது. 'தேனீ கொட்டி ஒரு சாவு. அதை யாரும் சரியாக விசாரிக்கக்கூட இல்லை. மீசைக்காரர் குடியிருந்த களஞ்சியத்தை எரித்தார்கள், ஒரு பக்கத்தில் முடிந்தது. அவருடைய தோழி நூலகத்தம்மா பாரிஸ் போனாள், கடிதம் வந்தது, அவரும் விட்டுவிட்டார். இருபது வருஷமாக ராத்திரி ராத்திரி போன் பேசிய மனுஷர் இப்படி விடுவாரா?' என்று கேட்டார். கடைசி ஐந்தாறு புத்தகமும் வேறு கை என்பது அவர் முடிவு. இப்போது அக்கா முழுக்க ரீட்டா மே பிரவுனின் பூனைக் கதைகள் பக்கம் போய்விட்டார். அந்த வர்ஜீனியா ஊரும், தபால் நிலையப் பெண்ணும், தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரண்டு பூனையும் ஒரு நாயும். 1990இலிருந்து வருகிறது, இன்னும் நிற்கவில்லை, அட்டையில் பூனை பெயரும் ஆசிரியர் என்று இருக்கிறது. எனக்கு அது ஒட்டவில்லை மல்லிகா. பூனை வாய் திறந்து பேசிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? கொக்கோ ஒரு தடவைகூடப் பேசியதில்லை. தெரிந்து தட்டிவிட்டதா, சும்மா தட்டிவிட்டதா என்று 29 புத்தகத்திலும் அந்த அம்மா சொல்லவே இல்லை. நம் வீட்டுப் பூனை நம்மைப் பார்க்கிறபோது நமக்கு வருகிற சந்தேகம் அதுதானே.

கடைசிப் புத்தகங்கள் மெலிந்துவிட்டன என்பதை நான் மறுக்கவில்லை. உனக்குச் சொல்வதற்கென்ன, மெலிவு கடைசியில் தொடங்கவில்லை, ஐந்தாவதிலேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. முதல் மூன்றையும் நினைத்துப் பார். 1966, 67, 68, வருஷத்துக்கு ஒன்று. குடியிலிருந்து மீண்டு, மண வாழ்க்கை முறிந்து, கையில் காசில்லாமல் புதுப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்கிற மனுஷர். கொலையானவரின் பூனை அவரிடம் வந்து சேர்கிறது. அந்தக் கதைகளில் குளிர் இருந்தது, வாடகைக் கவலை இருந்தது. ஐந்தாவதில் வடக்கே போகிறார், பெரும் சொத்து வந்து விழுகிறது. அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் பறிபோகாது. எது உடைந்தாலும் பணம் கட்டிவிடும். ஊர் அழகு, பத்திரிகை அழகு, திருவிழாக்கள் அழகு, ஆனால் பயம் போய்விட்டது. பயம் போனால் துப்பறியும் கதையில் பாதி போயிற்று.

ஆனால் இன்னொரு கணக்கையும் பார். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் 18 வருஷம். அடிதடியும் படுக்கையறையும் வேண்டும் என்று காலம் மாறிப்போனதால் இந்த மாதிரிக் கதைக்கு இடமில்லாமல் போனது. அந்த அம்மா டெட்ராய்ட்டில் பத்திரிகை வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். 1986இல் திரும்ப வருகிறபோது 73 வயது. 73இல் தொடங்கி 93க்குள் 26 புத்தகம்! நமக்கு இப்போது என்ன வயது, யோசித்துப் பார். இத்தனைக்கும் வேர் ஒரு துக்கம். அவர் வளர்த்த சயாம் பூனை, அதற்கும் கொக்கோ என்றுதான் பெயர், பத்தாவது மாடியிலிருந்து விழுந்து செத்தது. யாரோ தள்ளிவிட்டதாகக் கேள்விப்பட்டு, அந்தக் கோபம் ஆறாமல் ஒரு சிறுகதை எழுதினார். பூனைக் கதை என்று அவர் எழுதத் தொடங்கியது அங்கிருந்துதான். அப்படிப்பட்டவர் கடைசியில் பணத்துக்காக யாரோ எழுதியதில் பெயர் போட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. வேறு கையாக இருந்தால் முடிச்சுகளை ஒழுங்காக அவிழ்த்திருக்கும். இது களைத்த கை. எனக்கு அது தெரியும், ஏனென்றால் தினமும் ஒரு களைத்த வாய் சொல்கிற கதையைக் கேட்கிறேன். அம்மா இப்போது பெரியப்பா மௌல்மேன் போன கதையைச் சொன்னால் படகு ஏறுகிறார், இறங்குவதே இல்லை.

அம்மாவைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் அதற்குத்தான்.

அம்மாவுக்கு 88 ஆகிறது. கண் முழுக்கப் போய்விட்டது, போன கடிதத்திலேயே சொன்னேன். ராத்திரி ஏழு மணிக்குக் கரண்ட் போனால் பேட்டரி விளக்கை வைத்துக்கொண்டு நான் பக்கத்துக்குப் பக்கம் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். இரண்டு வருஷத்தில் கையில் இருக்கிற எல்லாப் புத்தகமும் முடித்தாயிற்று. அம்மாவுக்குக் கொலைகாரன் யார் என்பதில் அக்கறையே கிடையாது. 'கொக்கோ சாப்பிட்டதா, என்ன போட்டார்?' இதுதான் முதல் கேள்வி. வான்கோழி என்றால், 'அது ஒரு நாளைக்கு ரெண்டு தடவையா' என்று கணக்குப் பார்ப்பார். கட்டில் சட்டத்தைப் பிடித்திருக்கிற விரல், கதையில் பூனை ஊளையிடுகிற இடத்தில் மட்டும் இறுகும். நான் அதைப் பார்த்துப் பார்த்து அந்த இடத்தை இன்னும் நிதானமாகச் சொல்லப் பழகிவிட்டேன்.

கடைசிப் புத்தகம் வந்தது. களஞ்சியம் எரிகிற இடம் வந்தது. அந்த எண்கோண ஆப்பிள் களஞ்சியம் அம்மாவுக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? மேலே உத்தரத்தில் பூனைகள் ஓடும் என்று சொன்னால் தலையை அண்ணாந்து பார்ப்பார். உனக்குத் தெரியும், 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தபோது அம்மாவுக்கு ஐந்து வயது. அவர்கள் தெரு முழுக்க எரிந்தது. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்தினால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். நான் என்ன செய்ய? வாயில் வந்ததைச் சொன்னேன். களஞ்சியம் அப்படியே இருக்கிறது என்றேன். நூலகத்தம்மா பாரிஸுக்கு ஒரு மாதம் சுற்றிப் பார்க்கப் போனாள், திரும்பி வந்துவிட்டாள், பழையபடி ராத்திரி போன் பேசினார்கள் என்று முடித்துவிட்டேன். அம்மா நிம்மதியாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை. 93 வயதில் ஒரு பெண் எழுதி முடித்ததை நான் மாற்ற யார்? பென்சில்காரர் சொன்ன வேற்றுக் கை நானாகிவிட்டேன் என்று இருந்தது.

மூன்றாம் நாள் சாவித்திரி அக்கா வந்து அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, 'என்னம்மா, களஞ்சியத்தைக் கொளுத்திட்டாங்களே' என்று ஆரம்பித்தார். நான் சமையல்கட்டில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். வந்து தடுப்பதற்குள் எல்லாம் வந்துவிட்டது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி விளக்கு வைத்ததும், 'அச்சடிச்சிருக்கிறதைப் படி' என்றார். படித்தேன். ஒரு சொல் விடாமல் படித்தேன், குரல் எனக்குத்தான் நிற்கவில்லை. முடித்ததும் கொஞ்ச நேரம் கழித்து, 'பூனைகளை முன்னாடியே வெளியே கொண்டு போயிட்டாங்களா?' என்று கேட்டார். ஆமாம், இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன். 'எங்க வீட்டுல சாம்பல் கலர்ல ஒண்ணு இருந்துச்சு. அரிசிப் பானையைத் தூக்கினாங்க, மெத்தையைத் தூக்கினாங்க. அதை யாரும் தூக்கலை' என்றார். இத்தனை வருஷத்தில் அந்தப் பூனையைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை மல்லிகா. உன்னிடமாவது எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

நூலகத்தம்மாவைப் பற்றிக் கேட்டேன், வருத்தமா என்று. 'வேலை கிடைச்சுப் போறா. மல்லிகா போகலையா?' என்றார். உன் மேல் கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நியாயமாகச் சொன்னார். கோபம் எனக்குத்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதை நேரில் வரும்போது பேசிக்கொள்வோம்.

நான் செய்தது தப்பா? சாவித்திரி அக்கா தப்பு என்கிறார். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். 'புத்தகம் நல்லா இல்லைன்னா வாசகர் திருத்தக்கூடாதா' என்று 1999இல் என்னோடு வாதாடியவள் நீ. அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். எப்போதும் சயாம் பூனைதானா, நம் ஊர்ப் பூனைக்கு என்ன குறைச்சல் என்று சலித்துக்கொள்வாயே. பர்மியப் பூனை என்று வெளிநாட்டில் சொல்கிற இனமே ஒரு பூனையிலிருந்து வந்ததுதானாம். வோங் மாவ் என்று பெயர். 1930இல் ஜோசப் தாம்சன் என்ற டாக்டர் இங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ கொண்டு போனார். ஜோடி கிடைக்காமல் சயாம் பூனையோடு சேர்த்தார்கள். குட்டிகளைப் பார்த்த பிறகுதான் அதற்கே பாதி சயாம் ரத்தம் என்று தெரிந்தது. நாம் இன்லே ஏரிக்குப் போனபோது மடத்தில் வளையத்துக்குள் குதித்ததே, அந்தக் குண்டுப் பூனையை நீ கொக்கோவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றாய். அவ்வளவு தப்பில்லை.

அம்மா அடுத்தது எங்கே என்று கேட்கிறார். 30ஆவது ஒன்று அறிவித்து, வெளிவராமலே போய்விட்டது, அந்த அம்மாவும் 2011இல் போய்விட்டார் என்று சொன்னேன். அப்படியானால் முதலிலிருந்து ஆரம்பி என்கிறார். முதல் புத்தகம் உன்னிடம் இருக்கிறது. நீ விமானம் ஏறிய அன்று உன் கைப்பையில் இருந்ததை நான் பார்த்தேன். சாவித்திரி அக்கா மகன் பத்து நாளில் திரும்புகிறான், அவனிடம் மறக்காமல் கொடுத்தனுப்பு. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, 1ஆம் பக்கம் இருந்தால் போதும்.

உன்,
ராதா