எட்டாவது படிக்கிற பிள்ளைக்குத் துப்பறியும் கதை எங்கே?

ஆசிரியருக்கு,

தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலைப் படித்துத்தான் எங்களில் பலருக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்தது. அப்புறம் நேராக, சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்களான கணேஷ்-வசந்துக்குத் தாவினோம். வசந்த் அடிக்கிற ஜோக்கெல்லாம் 13 வயதுக்கு ஏற்றதா என்று யாரும் கேட்கவில்லை, வீட்டுக்குத் தெரிந்தால்தானே கேட்பார்கள். இன்றைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு நீதிக்கதை, பெரியவர்களுக்கு பாக்கெட் நாவல், நடுவில் இருக்கிற பிள்ளைகளுக்கு அவ்வளவாக ஒன்றும் சிக்குவதில்லை, அவர்கள் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். கொலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிணத்தை வர்ணிப்பதைக் குறைத்து, தடயத்தை வாசகர் கண்ணில் படும்படி வைத்து, துப்பறிகிறவரே ஒரு பள்ளி மாணவியாக இருக்கட்டுமே! காணாமல் போன கோயில் சிலை, ஓடிபி மோசடி என்று நம் ஊரில் விஷயத்துக்கா பஞ்சம்? பதிப்பகங்கள் கொஞ்சம் யோசிக்கலாம். கடைசிப் பக்கத்தில் அறிவுரையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

- ஒரு வாசகர், மதுரை