வலிக்கவில்லை என்று தள்ளிப்போடாதே

என் அன்பு மகளுக்கு,

காது மடலின் மேல்விளிம்பில் ஒரு சின்னப் புண், ஒரு மாதமாக ஆறுவதும் திரும்ப வருவதுமாக இருக்கிறது, வலியில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனில் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதே கவலைதான். வலி இல்லை என்பதை நம்பாதே கண்ணு. தோல் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

கருப்பு மச்சம் பெரிதானால் டாக்டரிடம் காட்டு என்று ஊருக்கெல்லாம் சொல்வார்கள். பிறவியிலேயே தோல் வெளுத்திருக்கும் அல்பினிசம் உள்ள உனக்கு அது போதாது. நிறம் தரும் மெலனின் சரியாகச் சுரக்காத தோலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால்கூட, கருக்காமல் சாதாரணப் பரு போல இளஞ்சிவப்பாகவே இருந்துவிடலாம். டாக்டர்களுக்கே பிடிபட நாளாகிவிடும். அல்பினிசம் உள்ளவர்களுக்கு அதைவிட அதிகம் வருவது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற இன்னொரு வகைத் தோல் புற்றுநோய். முகம், காது, உதடு, பிடரி என்று வெயில் படும் இடங்களில்தான் பெரும்பாலும் வரும். தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அல்லது பொருக்கு உதிர்ந்து, மறுபடி ரத்தம் கசியும். அதனால் கண்ணைவிட விரலை நம்பு. சின்ன வயதில் குளிப்பாட்டும்போது உன் காது, பிடரி, தோள் எல்லாம் தடவிப் பார்ப்பேனே, அதை மாதம் ஒருமுறை நீயே செய். கைக்கு எட்டாத இடத்தைத் தோழியிடம் சொல்லி போட்டோ எடுத்து, பெரிதாக்கிப் பார்.

சரி, இந்த வாரமே தோல் டாக்டரிடம் போ. வெறும் களிம்பு எழுதிக் கொடுத்தால், ஒரு மாதமாக ஆறாத புண் என்று அழுத்திச் சொல்லி, பயாப்ஸி வேண்டுமா என்று கேள். மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துணுக்குத் தோலை எடுத்துச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே தெரிந்தால், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பதோடு முடிந்துவிடும். நான் பயப்படுவது நோய்க்கு அல்ல, தாமதத்துக்கு.

தொப்பி போட்டால் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறாய். பார்க்கட்டும். காதை மூடும் அகல விளிம்புத் தொப்பியாகப் போடு. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தடவு. மேகமூட்டமாக இருந்தாலும் விடாதே. முகத்துக்குப் போடுகிறவர்கள் காதை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று. லேசாக இடித்தாலே உனக்குக் கன்றிப்போகும், பல் பிடுங்கியபோதும் ரத்தம் நிற்க நேரமானது. அல்பினிசத்தில் ஹெர்மான்ஸ்கி-புட்லாக் என்ற வகையில் ரத்தக்கசிவு எளிதில் நிற்காது. உனக்கு அதுதானா என்று யாரும் சோதித்ததில்லை. பயாப்ஸிக்கு முன்பே டாக்டரிடம் இதைச் சொல்லிவிடு. என்றைக்கு வரச் சொன்னார்கள் என்று எழுது, நானும் கூட வருகிறேன்.

அம்மா