பேர் போட வேண்டாம் என்றவர்களுக்கு

நான் எடுத்த ஆவணப்படம் முடிந்ததும் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் உங்களில் பாதிப்பேர் இல்லை. "பேரைப் போட்டிடாதேங்கோ தம்பி" என்று நீங்களே சொன்னீர்கள், அதனால் இங்கேயும் பேர் இல்லாமலே நன்றி சொல்கிறேன். யார் யாருக்கு என்பது உங்களுக்கு விளங்கும்.

முதலில் திருகோணமலை டவுன் ஸ்டூடியோ முதலாளிக்கு. சாமத்திய வீட்டிலும் கலியாண வீட்டிலும் கமரா பிடிக்கப் பழக்கியவர், கிழமை நாட்களில் அதே கமராவை வாடகை கேட்காமல் தந்துவிடுவார், பற்றறி சார்ஜ் இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் மட்டும் ஏச்சு விழும். ஆவணப்படம், சமூகம் என்று நான் பெரிதாகக் கதைத்தாலும் வீட்டில் அடுப்பு எரிவது இன்றைக்கும் கலியாண வீடியோவில்தான்.

குச்சவெளி கரைவலை அண்ணைமாருக்கு. நம்முடைய பக்கம் சூரியன் எழும்புவது கடலில், வலை இழுக்கிறவர்கள் நிற்பதும் கடலைப் பார்த்தபடி, ஆகவே விடிய வெளிச்சத்தில் அவர்கள் முகம் வேண்டுமென்றால் கமராக்காரன் தண்ணீருக்குள் இறங்கத்தான் வேண்டும். நான் இடுப்பளவு தண்ணீரில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்க, பின்னால் என் பெல்ட்டைப் பிடித்தபடி "அலை வருது, தூக்கு தூக்கு" என்று கத்தியவர் படத்தில் எங்கேயும் இல்லை. அவர் கையை விட்டிருந்தால் முதலாளியின் கமரா அன்றைக்கே கடலோடு போயிருக்கும்.

கிண்ணியா ராத்தா, படத்தில் கதைத்த அந்தப் பெண்களுக்குக் காலர் மைக்கை நான் போய்க் குத்த முடியுமா? நீங்கள்தான் உள்ளே போய், முக்காட்டுக்குள்ளால் வயரை விட்டு, துணி உரசாத இடமாகப் பார்த்துக் குத்திவிட்டு வந்தீர்கள். சவுண்ட் நல்லது என்று யார் பாராட்டினாலும் உங்கள் ஞாபகம்தான்.

சம்பூர் ஆச்சிக்கு என்ன சொல்ல! 2006இல் சண்டையில் இடம்பெயர்ந்து, 2015 முதல் கட்டம் கட்டமாகக் காணி திரும்பக் கிடைத்த ஊர். வளவு முழுக்கப் பற்றைக்காடு. "என்னை எடுக்காதை மோனே, கிணத்தை எடு, அதை வச்சுத்தான் என்ரை வளவைக் கண்டுபிடிச்சனான்" என்றார். கிணற்றைத்தான் எடுத்தேன். ஷாட் நீளம், வெட்டு என்று கொழும்பில் ஒருவர் அறிவுரை சொன்னார், கேட்டுக்கொண்டேன், வெட்டவில்லை.

மூதூரில் படம் போட்ட இரவு வெள்ளைச் சீலையை இழுத்துக் கட்டி, கரண்ட் போனதும் ஜெனரேட்டருக்கு ஓடிய பிள்ளைகளுக்கும் பெரிய நன்றி. பிறகு டியூட்டரி சேர், உங்கள் புரொஜெக்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேபிளை மாற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு முன் கொண்டுவந்து தருகிறேன்.