டிரோம்பெக் கல்வட்டத்துப் பிள்ளைக்கு

அன்புப் பிள்ளைக்கு,

உன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மகனுக்கும் மகளுக்கும் பொதுவாக எங்கள் ஊரில் சொல்கிற சொல் ‘பிள்ளை’. அதையே எடுத்துக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

போன அக்டோபரில், தூறல் விட்டுவிட்டுப் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, உன் இடத்துக்கு, அயர்லாந்தின் தெற்கில் இருக்கும் டிரோம்பெக் கல்வட்டத்துக்கு, வந்திருந்தேன். கார்க் நகரிலிருந்து கிளானகில்டி, ராஸ்கார்பெரி தாண்டி, கிளாண்டோர் போகும் சாலையில் திரும்ப வேண்டும். காரை நிறுத்திவிட்டு வேலிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடை. வேலி நெடுக ஃபியூஷியா, அந்தப் பருவத்தின் கடைசிப் பூக்கள் தலைகுப்புறத் தொங்கின. ‘கடவுளின் கண்ணீர்’ என்று ஐரிஷ் மொழியில் அதற்குப் பெயர். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி அது, நீ பார்த்திருக்க மாட்டாய். அங்கிருந்து தெரிகிற கடலை மட்டும் நீயும் பார்த்திருப்பாய்.

டிரோம்பெக் என்றால் சின்ன மேடு என்று அர்த்தம். கற்களை நட்டு அமைத்த வட்டமும் சின்னதுதான். குறுக்காக அளந்தால் 9.3 மீட்டர், பதினைந்து எட்டில் கடந்துவிடலாம். முதலில் 17 கற்கள், இன்று மிஞ்சியவை 13. வடகிழக்கில் வாசல் மாதிரி இரண்டு நெடுங்கற்கள். அங்கிருந்து இரு பக்கமும் கற்கள் உயரம் குறைந்துகொண்டே போய், எதிரே தென்மேற்கில் படுக்கவைத்த ஒரு கல்லில் முடிகின்றன. அந்தப் படுகல்லின் மேலே, முட்டை வடிவில் இரண்டு குழிகளைக் கொத்தியிருக்கிறார்கள். ஒன்றைச் சுற்றி ஒரு வளையம். நான் போனபோது குழி இரண்டிலும் மழைநீர் நின்றது. விரலை விட்டுப் பார்த்தேன். அடியில் வழவழப்பு, விளிம்பில் பாசி, அப்படி ஒரு சில்லிப்பு.

டிசம்பர் 21 வாக்கில் இங்கே கூட்டம் சேரும். வருஷத்தின் மிகக் குறுகிய நாளில், வாசல் கற்களின் பக்கமிருந்து பார்த்தால், சூரியன் படுகல்லுக்கு நேரே, தூரத்து மலைகளின் இடுக்கில் இறங்குகிறது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பாயில் சோமர்வில் என்ற கடற்படை அதிகாரி இடத்தை அளந்து இதை எழுதிவைத்தார். அதிலிருந்து எல்லாருக்கும் இது சூரியனின் இடம். நல்ல விஷயம்தான். நான் வந்தது உனக்காக.

1957-இல் எட்வர்ட் ஃபேஹி என்ற தொல்லியலாளர் இங்கே தோண்டினார். வட்டத்துக்கு நடுவில் உன்னைக் கண்டெடுத்தார். ஒரு மண்பானை, வேண்டுமென்றே உடைத்தது. அதில் தடித்த துணியில் சுற்றி வைத்த எரிந்த எலும்புகள், பால்யம் தாண்டிய இளம்பிள்ளை ஒருவருடையவை. கூடவே நொறுக்கிய ஓட்டுச் சில்லுகள் 80, பலகைக்கல் துண்டுகள் நாலு, சிதை எரிந்த இடத்தைக் கூட்டி அள்ளியது கொஞ்சம். கரித்துண்டுகளைக் கொண்டு கணித்த காலம் கி.மு. 1100-க்கும் 800-க்கும் இடையில்.

சுற்றுவட்டாரத்தில் இந்த வட்டத்துக்கு ‘துரூயிதுகளின் பலிபீடம்’ என்று ஒரு பெயர் உண்டு. பெயரில் பலி வந்துவிட்டதால், உன்னைப் பலி கொடுத்தார்கள் என்று கதை சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவே இல்லை. துரூயிது என்ற பூசாரிகளைப் பற்றிய எழுத்துக் குறிப்புகள் உனக்குப் பல நூறு வருஷம் பிந்தியவை. அந்தப் படுகல்லைப் பார்த்து யாரோ பிற்காலத்தில் வைத்த பெயர் அது. கல்லுக்கு ஒரு பெயர் வைக்கலாம். அதைச் சாக்கிட்டு உன் வீட்டாரைக் கொலைகாரர்கள் ஆக்க வேண்டாம்.

அந்தப் பட்டியலில் என்னை உலுக்கியது, கூட்டி அள்ளியது என்ற ஒரு வரிதான். எலும்பை எடுத்துத் துணியில் சுற்றியதோடு காரியம் முடிந்தது என்று அவர்கள் போகவில்லை. குனிந்து, தரையைக் கூட்டி, ஒட்டியிருந்த கரியையும் சாம்பலையும் அள்ளிக் கொண்டுவந்து உன் கூடவே வைத்திருக்கிறார்கள்.

நானும் அந்த வேலையைச் செய்திருக்கிறேன், பிள்ளை. அப்பாவுக்குக் கொள்ளிக்குடம் உடைத்தது நான். மறுநாள் விடியலில் காடாற்றப் போனோம். தண்ணீரும் பாலும் தெளித்து அணைத்த சாம்பலில் எலும்பு பொறுக்கினேன். மேலே ஆறியிருந்தது, உள்ளே விரலை விட்டால் இன்னும் கதகதவென்று இருந்தது. கலயம் நிறைந்த பிறகும் பெரியப்பா, “அந்த ஓரத்துல பாருடா, சின்னதா ஒண்ணு கெடக்கு” என்றார். பார்த்தேன், எடுத்தேன். அப்புறமும் கிளம்ப மனசு வரவில்லை, இன்னும் எதையாவது விட்டுவிட்டோமோ என்று.

எங்கள் ஊருக்கும் உங்கள் மேட்டுக்கும் ஏதோ ஆதித் தொடர்பு என்று நான் கதை கட்ட வரவில்லை. அப்படி ஒன்றும் கிடையாது. பானை உடைக்கிறவர்கள் உலகத்தில் பல இடங்களில் உண்டு. ஆனால் உன் சிதையைக் கூட்டிய கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பலிக்கு வெட்டிய உயிருக்கு அப்படிக் கூட்டி எடுப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

வட்டத்துக்கு மேற்கே நாற்பது மீட்டர் தள்ளி இரண்டு வட்டக் குடிசைகளின் அடிச்சுவர்கள் இருக்கின்றன. பக்கத்தில் அடுப்பும், கிணறும், தரையில் பதித்த கல்தொட்டியும். உன் காலத்துக்குப் பிறகும் வெகுநாள் புழங்கிய இடம். நெருப்பில் காய்ச்சிய கற்களைத் தொட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைப்பது அந்தக் காலத்து முறை. ஃபேஹி அதைச் செய்தே பார்த்திருக்கிறார். சுமார் 70 கேலன் தண்ணீர் இருபது நிமிஷத்துக்குள் கொதித்ததாம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் சூடும் ஆறவில்லையாம். ஊரே சாப்பிடலாம்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். படுகல்லின் மேல் காசுகள், கிளிஞ்சல்கள், தலைமுடி ரப்பர் பேண்டு, பாதி உருகின மெழுகுவர்த்தி. அன்பாகத்தான் வைக்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் வெடிப்பில் சொருகின காசு துருப்பிடித்துக் கல்லில் கறை இறக்குகிறது. மெழுகு பாசியைக் கொல்கிறது. வேலியிலிருந்து ஒரு பூவாவது பறித்து உனக்கு வைக்க வேண்டும் என்று எனக்கும் கை பரபரத்தது. வைக்கவில்லை.

நான் கிளம்புகிற நேரத்தில் ஒரு அம்மாவும் பையனும் வந்தார்கள். பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசிருக்கும். நேரே நடுவில் போய் நின்று கையை விரித்து, சுழன்று சுழன்று வீடியோ எடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, “இங்கே நடுவில் என்ன இருந்தது?” என்று கேட்டான்.

உன்னைப் பற்றிச் சொன்னேன். பானை, துணி, கூட்டி அள்ளின சாம்பல், எல்லாம். “என்ன வயசு?” என்றான். “ஏறக்குறைய உன் வயசுதான்” என்றேன்.

தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். ஒரு எட்டு பின்னால் வைத்தான், இன்னும் ஒரு எட்டு. அதன் பிறகு அவர்கள் அங்கே இருந்த நேரம் முழுக்க, கற்களை ஒட்டி ஓரமாகவே நடந்தான்.

அன்புடன்,
கார்க்கிலிருந்து ஒருவன்