அந்த ஒரு வரியை நீக்குங்கள்: தரக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தரக் கட்டுப்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய ஃபீட்பேக் ஷீட் வந்து சேர்ந்தது. ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தும் எங்கள் காப்பி எடிட்டிங் அணிக்கு நேராக மறுபடியும் அதே எரர். உங்கள் செக்லிஸ்ட்டின் அந்த வரி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: ஆங்கிலத்தில் வில், கேன், மே, ஷுட், மஸ்ட் போன்ற துணைவினைக்கும் அடுத்து வரும் வினைக்கும் நடுவே வினையடை, அதாவது ஆஃபன், ஈஸிலி போன்ற அட்வெர்ப், எதுவும் நிற்கக் கூடாது. அந்த வரியை நீக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மெயிலில் கேட்டுப் பார்த்தாயிற்று. "நோட்டட்" என்று பதில் வரும். அடுத்த ஷீட்டில் எரரும் வரும். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் அணிக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு நடந்தது உங்களுக்கும் தெரியும். ஆனால் உங்கள் ஷீட்டில் அது இரண்டு தனித்தனி வரிகளாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததுபோல் இருக்கிறது. சேர்த்துச் சொல்கிறேன். முதலில் ஒரு கட்டுரையில் 'கேன் ஆஃபன் பி ட்ரீட்டட்' என்று ஆசிரியர் எழுதியதை அவள் தொடாமல் விட்டாள். சரியான முடிவு. அதற்கு நீங்கள் ஒரு மைனர் எரர் போட்டீர்கள். "அக்கா, இனிமேல் எல்லாத்தையும் மாத்திடறேன்" என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லலாம்; எரர் விழுவது அவள் பெயரில்தானே.

அடுத்து அவளுக்கு வந்தது குழந்தை மருத்துவக் கட்டுரை. அதில் ஒரு பரிந்துரை: 'ஆன்டிபயாடிக்ஸ் ஷுட் நாட் ரொட்டீன்லி பி கிவன்.' சளி, இருமல் என்று வருகிற குழந்தைக்கெல்லாம் வழக்கம்போல ஆன்டிபயாடிக் எழுதிவிடாதீர்கள், தேவை இருந்தால் கொடுங்கள் என்று அர்த்தம். உங்கள் விதிக்குப் பயந்து அவள் ரொட்டீன்லியைத் தூக்கி ஷுட்டுக்கு முன்னால் வைத்தாள். 'ரொட்டீன்லி ஷுட் நாட் பி கிவன்' என்று ஆனதும், கொடுக்காமல் இருப்பதையே வழக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்வதுபோல் வாக்கியம் திரும்பிவிட்டது. எதிர்மறையான 'நாட்'டுக்கு இந்தப் பக்கம் இருந்த சொல் அந்தப் பக்கம் போனால் இப்படித்தான் ஆகும். நல்ல வேளையாக ஆசிரியர் ப்ரூஃபில் பார்த்துவிட்டார். தன் மருத்துவப் பரிந்துரையை மாற்ற யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்று கேட்டு அவர் எழுதிய கடிதம் கிளையன்ட் வழியாக உங்களுக்கு வந்தது. நீங்கள் அவளுக்கு மேஜர் எரர் போட்டீர்கள். அந்தக் காலாண்டின் இன்சென்டிவ் போயிற்று.

தொடாமல் விட்டால் மைனர், தொட்டால் மேஜர். எந்த வழியில் போனால் எரர் வராது என்று அவள் என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. இலக்கணப் புத்தகங்கள் 'நாட்' என்பதையும் காலங்காலமாக வினையடையாகத்தானே சொல்லி வந்திருக்கின்றன? 'ஷுட் நாட் கோ' என்பதில் அது துணைவினைக்கும் வினைக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறதே, அதை எங்கே குடியேற்றுவது? செக்லிஸ்ட்டில் அதற்கு ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

செக்லிஸ்ட்டின் முதல் பக்கத்தில் நாம் சிகாகோ மேனுவல் என்ற ஆங்கில நடைக் கையேட்டைப் பின்பற்றுகிறோம் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மேனுவலின் இலக்கண அத்தியாயத்தைத் தயவுசெய்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். துணைவினையோடு வரும் வினைத்தொடரில் வினையடைக்கு இயல்பான இடம் அந்த இரண்டுக்கும் நடுவேதான் என்று அதில் இருக்கிறது. 1926-இல் வந்த ஃபௌலரின் ஆங்கிலச் சொல்வழக்கு அகராதியும் இதைத்தான் சொல்கிறது. 'டு கோ' போன்ற தொடரில் 'டு'வுக்கும் வினைக்கும் நடுவே எதையும் வைக்கக் கூடாது என்று ஒரு பழைய பயம் உண்டல்லவா, அதைக் கொண்டுவந்து துணைவினைக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள் என்பது அவர் கணிப்பு. அந்த மூலப் பயத்தையே இன்றைய நடைக் கையேடுகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. அதிலிருந்து முளைத்த இதற்குத்தான் நாம் மார்க் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் கிளையன்ட்களில் பாதிப் பேர் அமெரிக்கர்கள். அவர்கள் நாட்டு அரசியல் சட்டம் 1787-இல் எழுதப்பட்டது. குடியரசுத் தலைவர் எடுக்க வேண்டிய உறுதிமொழி அதிலேயே சொல்லுக்குச் சொல் இருக்கிறது. 'ஐ வில் ஃபெய்த்ஃபுல்லி எக்ஸிக்யூட்' என்று வருகிறது. அதோடு விட்டார்களா? அடுத்து 'வில்' என்று எழுதி, அதற்கும் வினைக்கும் நடுவே 'டு தி பெஸ்ட் ஆஃப் மை எபிலிட்டி' என்று ஆறு சொற்களைத் திணித்து, அப்புறம்தான் 'ப்ரிசர்வ், ப்ரொடெக்ட் அண்ட் டிஃபெண்ட்' என்று போகிறார்கள். நம் அலுவலகத்தில் வேலை பார்த்திருந்தால் அந்தப் பெரியவர்களுக்கு அந்தக் காலாண்டில் இன்சென்டிவ் கிடையாது.

2009 ஜனவரி 20 அன்று ஒபாமாவுக்கு உறுதிமொழி செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், கையில் தாள் இல்லாமல் நினைவிலிருந்து சொல்லும்போது 'ஃபெய்த்ஃபுல்லி'யை வாக்கியத்தின் கடைசிக்குக் கொண்டுபோய்விட்டார். ஒபாமா தயங்கி நின்றார். ராபர்ட்ஸ் திரும்பச் சொல்லிப் பார்த்தார், அதுவும் சரியாக வரவில்லை. கடைசியில் ஒபாமாவும் அந்தச் சொல்லைத் தள்ளிவைத்தே சொல்லி முடித்தார். பின்னால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று மறுநாள் வெள்ளை மாளிகையில் உறுதிமொழியை இன்னொரு முறை எடுத்தார்கள். துணைவினையைப் பிளக்காதே என்ற விதி மனதில் ஊறிப்போனதுதான் காரணமாக இருக்கும் என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அது அவருடைய ஊகம். ஆனால் இந்த ஷீட்டுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது.

நான் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வினையடையை எப்போதும் நடுவில்தான் வைக்க வேண்டும் என்று ஒரு புது விதி போடச் சொல்லவில்லை. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்' போன்றவை வினைக்குப் பின்னால்தான் வரும். துணைவினை இரண்டு மூன்று வந்தால் எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதைக் காதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 'குட் ஈஸிலி ஹாவ் பீன் அவாய்டட்' என்பது நன்றாக ஓடுகிறது. 'சிவியர்லி' மாதிரி ஒரு சொல்லானால் கடைசி வினையை ஒட்டி நிற்கத்தான் விரும்பும். நீளமான தொடரை நடுவில் செருகினால் படிப்பவருக்கு மூச்சுமுட்டும் (அரசியல் சட்டத்துக்கு மட்டும் விலக்கு). இதையெல்லாம் பார்த்து முடிவு செய்வதுதான் காப்பி எடிட்டர் வேலை. அதற்காகத்தானே எங்களை எடுத்தீர்கள்?

இல்லை, எதற்காக எடுத்தீர்கள் என்றே சில நாட்களாகப் புரியவில்லை. மஞ்சள் அடிக்கும் ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறீர்கள். அது துணைவினையை அடுத்து 'லி'யில் முடியும் சொல்லைப் பார்த்தால் மஞ்சள் அடிக்கிறது. மஞ்சள் இருந்தால் எரர். ஏன் மாற்றவில்லை என்று நாங்கள் விளக்கம் எழுத அந்த ஷீட்டில் ஒரு கட்டம் இருக்கிறது, அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் பக்கத்துக்குள்ளேயே மருந்தின் அளவையும் பார்க்க வேண்டும், அட்டவணையின் கூட்டலையும் பார்க்க வேண்டும். சென்ற மாதம் ஒரு கட்டுரையில் மில்லிகிராம் என்று இருக்க வேண்டிய இடத்தில் கிராம் என்று இருந்ததைப் பிடித்தவளும் இதே பெண்தான். அதற்கு ஷீட்டில் கட்டமே இல்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கூலியையும் சாஃப்ட்வேரையும் வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம். இன்றைக்குக் கேட்பது இவ்வளவுதான். செக்லிஸ்ட்டிலிருந்து அந்த ஒரு வரியை நீக்குங்கள். அந்த வரியால் விழுந்த எரர்களை, அந்தப் பெண்ணின் மேஜர் எரர் உட்பட, அப்ரைசலுக்கு முன் ரத்து செய்யுங்கள். சாஃப்ட்வேரில் அந்த மஞ்சளை அணைத்துவைக்க ஒரு டிக் போதும் என்று டெக்னிக்கல் டீம் சொல்கிறார்கள். உங்கள் ஒப்புதல் வேண்டுமாம். நீக்க முடியாது என்றால், அது எந்த நூலின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுத்தில் தெரிவியுங்கள். "நோட்டட்" மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஷீட்டில் அடிக்கடி பெயர் வரும் ஒரு காப்பி எடிட்டர்